ஐந்தாவது அடுக்கின் கீழ்த்தட்டு

பிப்ரவரி 3

மாமாவுக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். அலுவலக வேலையாகத்தான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன் செய்தால் உங்களுக்குக் காது கேட்காது. கேட்டாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டீர்கள். அதனால் கடிதம்.

நான் இப்போது சுகாதாரத் துறையில் செலவுக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான வயிற்றுப்போக்கைத் தடுக்க ஒரு சொட்டு மருந்து இருக்கிறது. பல நாடுகளில் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் கொடுத்தால் கட்டுப்படியாகுமா என்று ஏப்ரல் இருபதாம் தேதி ஒரு குழு கூடி முடிவு செய்யும். அந்தக் கணக்கைப் போடும் வேலை என்னுடையது.

பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் ஏழை நாடு என்று சொல்லித் தானமாகவே கொடுத்திருப்பார்கள். இப்போது நம் வருமானம் கொஞ்சம் ஏறிவிட்டதாம், பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பணக்கார நாடுகள் கொடுக்கிற விலையைக் கொடுக்க நமக்கு வக்கில்லை. இரண்டுங்கெட்டான் நிலை. ஒரு குழந்தைக்கு ஆகும் மருந்தின் விலை ஒரு சித்தாளின் மூன்று நாள் கூலி. நாடு முழுக்க வருடா வருடம் பிறக்கும் குழந்தைகளால் அதைப் பெருக்கிப் பாருங்கள், நிதித் துறை ஏன் முகம் சுளிக்கிறது என்று புரியும்.

மாதிரிக்கு நான்கு மாவட்டங்களை எடுத்திருக்கிறோம். உங்கள் மாவட்டத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பதினொரு வருடத்தில் ஒரு மாத அறிக்கைகூடத் தவறாத மாவட்டம் அது ஒன்றுதான் என்று மேலதிகாரி எடுத்தார். "எவனோ ஒருத்தன் முத்து முத்தா எழுதியிருக்கான்மா" என்றார். அந்த எவனோ என் தாய்மாமா என்று நான் சொல்லவில்லை.

இந்த மருந்து ஒரு குழந்தைக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக வருகிறது. குளிர் அறையில் நிறைய இடம் பிடிக்கும். இடமில்லை என்றால் புது அறை கட்டும் செலவையும் நான் சேர்க்க வேண்டும். இணைத்திருக்கும் படிவத்தில் காலி இடத்தின் அளவை எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில், வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையை உங்கள் அறிக்கைகளோடு சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


பிப்ரவரி 11

என் அருமை மருமகளே, கணக்குப் புலியே,

உன் கடிதம் வந்ததும் தபால்காரரை நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர் கண்ணெதிரிலேயே உறையைப் பிரித்தேன். "தலைநகரத்துல இருந்து அரசாங்கக் கடுதாசி. என் மருமகதான் நாட்டுக்கே கணக்கு எழுதுறா" என்றேன். மனுஷன் அசந்துபோய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். நான் எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். மற்றவர்கள் ஒரே வருடத்தில் படித்துவிட்டு அடுத்த வருடம் மறந்துவிடுவார்கள். ஐஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவனைக் கையோடு அழைத்து வந்து ஒரு மாவட்டத்துத் தடுப்பூசி முழுவதையும் ஒப்படைத்தார்கள் என்றால் சும்மாவா? இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்காது, எட்டுக்கு மேலே ஏறாது. வெப்பமானிக்கே சந்தேகம் வந்தால் என்னைக் கேட்டுத்தான் தெளியும். கம்ப்ரெசர் என் காதை வாங்கிக்கொண்டது நிஜம். போகட்டும், முப்பது வருடச் சிநேகிதத்துக்கு ஒரு ஜோடிக் காதுகூடக் கொடுக்கக் கூடாதா? அறையின் வெளிச்சுவரில் கை வைத்தால் போதும், நாடி பிடிக்கிற வைத்தியன் மாதிரி ஓடுகிறதா, திணறுகிறதா, நின்றதா என்று சொல்லிவிடுவேன்.

அந்தப் பெரிய மின்வெட்டைப் பற்றி உன் ஆபீஸில் இன்னும் பேசிக்கொள்கிறார்களா? பதினொரு வருடத்துக்கு முன்னால், இரண்டு நாள் மின்சாரமே இல்லை. ஜெனரேட்டர் படுத்துவிட்டது. பெரிய பெரிய ஆபீசர்கள் எல்லாம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டபோது, உன் மாமன் பழைய ஐஸ் கம்பெனியிலிருந்து எட்டு டன் ஐஸை இறக்கி, நின்ற இடத்தைவிட்டு நகராமல் அறுபதாயிரம் டோஸைக் காப்பாற்றினேன். அமைச்சரே வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் கண்ணீர் பட்ட சட்டையை நான் இன்னும் துவைக்கவில்லை. அதற்குக் கொடுத்த கேடயம் அறை வாசலில் தொங்குகிறது.

இடம் கேட்டிருக்கிறாய். யானை ஒன்று குட்டியோடு வந்து படுத்துப் புரளலாம். படிவத்தில் "தாராளம்" என்று எழுதிவிட்டேன்.

கடைசிப் பக்கத்துக்குப் பதில், பூஜ்யம். நூற்று முப்பத்திரண்டு மாதம், நூற்று முப்பத்திரண்டு பூஜ்யம். புள்ளிவிவர எழுத்தர் ஓய்வுபெற்றுப் போனதும் அந்த நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. ஒன்பது சுகாதார நிலையத்து நர்ஸ்களும் மாதா மாதம் அனுப்புகிற விவரத்தைத் தொகுத்து அறிக்கை எழுதுவதும் அன்றிலிருந்து நான்தான். எந்தப் பட்டதாரி அப்படி எழுதுவான்? அச்சே தோற்கும்.

அத்தை அவள் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள். வந்ததும் நீ விசாரித்ததாகச் சொல்கிறேன். நான் ஒருத்தன்தானே, பொங்கித் தின்பது ராஜபோகமாக நடக்கிறது.

உன் ஐஸ் மாமா


பிப்ரவரி 20

மாமா,

நான் அத்தையை விசாரிக்கவே இல்லை. விசாரித்திருக்க வேண்டும். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அத்தை தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"தாராளம்" ஓர் அளவு ஆகாது. யானையும் ஆகாது. இஞ்ச் டேப்பை எடுத்து, ஒவ்வொரு அடுக்காக, தட்டுத் தட்டாக அளந்து எழுதுங்கள்.

உங்கள் பூஜ்யத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் போடுவது வகுத்தல் கணக்கு. மேலே மருந்து, குளிர் அறை, வண்டி, நர்ஸ் எல்லாவற்றின் செலவு. அதிலிருந்து, மருந்தால் மிச்சமாகிற ஆஸ்பத்திரிச் செலவையும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களின் கூலியையும் கழிக்கிறேன். கீழே, காப்பாற்றப்படும் உயிர்கள். வகுத்து வரும் விடை ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் வாங்குவார்கள். மேலே போனால் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த தடவை என்றால் ஐந்து வருடம். வகுக்கும் எண் சிறுத்தால் விடை பெருக்கும் என்பது உங்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரிந்திருக்கும், அதுவும் மூன்று முறை.

குழுவில் நிதித் துறையிலிருந்து ஒருவர் இருக்கிறார். உங்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "சாகாத பிள்ளைக்கு எதுக்கும்மா மருந்து?" என்றார்.

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது, பெரிய சர்ஜன் ஒருவர் உங்களுக்குத் தம்பி மாதிரி, அவரை அழைத்து வருகிறேன் என்று செய்தி அனுப்பினீர்கள். அம்மா நான்கு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது "இருடி, என் தம்பி கூட்டிட்டு வந்துருவான்" என்றார். நீங்கள் ஐந்தாம் நாள் மாலையோடு வந்தீர்கள்.

இங்கே என் அறையில் ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். காலையிலும் மாலையிலும் கேன்டீனில் சாப்பிடுகிறேன். எதிர் நாற்காலியில் என் பையை வைத்துக்கொள்வேன், யாரோ வருவதற்கு இடம் பிடித்த மாதிரி.

மருமகள்


மார்ச் 2

மருமகளே,

அளந்துவிட்டேன். அளந்த வேகத்தில் டேப்பே சூடாகிவிட்டது. குளிர் அறையில் சூடான முதல் பொருள் அதுதான்.

மொத்தம் ஐந்து அடுக்கு. ஒவ்வொன்றிலும் நான்கு தட்டு. ஒரு தட்டின் நீளம் நான்கு அடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றேகால். பதினொரு தட்டில் சரக்கு இருக்கிறது. எட்டுத் தட்டு காலி. தாளில் படம் போட்டு, காலியானதற்கெல்லாம் நீலப் பென்சிலால் வண்ணம் தீட்டியிருக்கிறேன். உங்கள் ஊர் இன்ஜினியர் யாருக்காவது காட்டிப் பார், வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவான்.

அந்த சர்ஜன் விஷயம். அவர் அந்த வாரம் ராஜா ஒருத்தருக்கு ஆபரேஷன் செய்ய விமானத்தில் வெளிநாடு போய்விட்டார். கிளம்பும்போது விமான ஏணியில் நின்றுகொண்டு "அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே" என்று

அது கிடக்கட்டும்.

நான்கு நாளா பார்த்தாள்? எனக்கு அது தெரியாது.

அத்தை இன்னும் வரவில்லை. வெயில்காலம் முடிந்ததும் வருவாள் என்று நினைக்கிறேன்.

ஐஸ் மாமா


மார்ச் 10

மாமா,

பதினொன்றும் எட்டும் பத்தொன்பது. ஐந்து அடுக்குக்கு நான்கு தட்டு என்றால் இருபது. உங்கள் படத்தில் ஐந்தாவது அடுக்கின் கீழ்த்தட்டுக்கு வண்ணமும் இல்லை, சரக்கும் இல்லை. அங்கே என்ன இருக்கிறது?

அதைத் தேடித்தான் உங்கள் பழைய இருப்பு அறிக்கைகளை எடுத்தேன். தேடியது கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புக்கரைசல் பொட்டலமும் உங்கள் கிடங்கிலிருந்துதான் போகிறது. வருடத்துக்கு நாற்பதாயிரம் பொட்டலம். மற்ற மூன்று மாவட்டங்களிலும் கிட்டத்தட்ட அதேதான் போகிறது. அங்கே வருடத்துக்கு இருபது, இருபத்தைந்து குழந்தைகள் இறக்கின்றன. உங்களிடம் பதினொரு வருடமாக ஒன்றுகூட இல்லை. அதே தண்ணீர், அதே வெயில், அதே பொட்டலம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று அம்மா சொல்வார். நீங்கள் ஒரு வயலையே மறைத்திருக்கிறீர்களா மாமா?

உங்கள் பூஜ்யத்தை வைத்தால் கணக்கு கோட்டுக்கு மேலே நிற்கிறது. அதை எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் வைத்தால் கோட்டுக்குக் கீழே வருகிறது. தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் கோப்பில் ஏறிவிட்டது. பூஜ்யம் தப்பு என்று நான் எழுதினால் விசாரணை வரும். உங்களுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம்தான்.

"நான் எதுவும் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. கேட்கிறேன். பூஜ்யம் எப்படி வந்தது?

மருமகள்


மார்ச் 17

பூஜ்யம் பூஜ்யம்தான்.

நேற்று முளைத்தவள் எனக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டாம். நீ தொட்டிலில் கிடந்தபோது நான் கம்ப்ரெசரைப் பிரித்து மாட்டியவன். தட்டுக்கும் பொட்டலத்துக்கும் துப்பறிகிறவள், ஒரு தடவை நேரில் வந்து மாமன் இருக்கிறானா செத்தானா என்று பார்த்தாயா? படித்த திமிரைப் படிவத்தோடு நிறுத்திக்கொள்.

கீழ்த்தட்டில் ஒன்றும் இல்லை.


மார்ச் 25

மாமா,

வந்து பார்க்கவில்லைதான். அது என் தப்பு.

உங்கள் தாளை அப்படியே குழுவுக்கு அனுப்பப்போகிறேன். பக்கத்தில் எந்தக் குறிப்பும் எழுதப்போவதில்லை. என்னால் உங்களைக் காட்டிக்கொடுக்க முடியாது. அம்மாவும் இப்படித்தான் வாழ்நாள் முழுக்க உங்கள் பேச்சுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். "அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், யாருக்கு என்ன நஷ்டம்?" என்பார். யாருக்கு என்று இப்போது எனக்குத் தெரியும். அடுத்த ஐந்து வருடத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு. நானும் அதற்குக் கூட்டு.

இருபதாம் தேதிக்குப் பிறகு நமக்குள் கடிதம் வேண்டாம்.

மருமகள்


ஏப்ரல் 9

மருமகளே,

இதோடு ஒரு பெட்டி வருகிறது. தடுப்பூசி அனுப்புகிற குளிர்ப்பெட்டி. உள்ளே நான்கு ஐஸ் கட்டிப் பைகள் வைத்திருக்கிறேன். காகிதத்துக்கு எதற்கு ஐஸ் என்று சிரிப்பாய். பதினொரு வருடமாக அந்தக் குளிரிலேயே இருந்த காகிதம், திடீரென்று வெயிலில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. பார்சல் ஆபீஸில் "உள்ள என்ன சார்?" என்று கேட்டார்கள். வழக்கமாக இதற்கு மட்டும் என்னிடம் இருபது பதில் இருக்கும். "சீட்டு" என்றேன்.

ஐந்தாவது அடுக்கின் கீழ்த்தட்டில் ஒரு காலி மருந்து அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை. ஒன்பது நிலையத்து நர்ஸ்களும் மாதா மாதம் எனக்கு அனுப்பிய சீட்டுகள். தேதி, தெரு, வயது, ஆணா பெண்ணா, எத்தனை நாள் போக்கு. அவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. எழுதியவன் நான். ஒரு சீட்டையும் கிழிக்கவும் இல்லை. மொத்தம் இருநூற்று அறுபத்து நான்கு. மூன்று முறை எண்ணினேன். நீ நான்காம் முறை எண்ணிக்கொள், என் எண்ணிக்கையை நீ நம்பக் கூடாது.

மேலே இருக்கும் மஞ்சள் சீட்டு முதல் சீட்டு. மூன்றாம் நிலையத்து நர்ஸ் என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். "பெண் குழந்தை, ஏழு மாதம், இரண்டு நாள் போக்கு." அது என் குழந்தை.

உன் அம்மாவிடம், பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல், மூன்று டாக்டர் வந்தார்கள், ஒருவர் காரில் வந்தார், ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொன்னேன். ஒரு டாக்டரும் வரவில்லை. நானே வரவில்லை.

அந்த மின்வெட்டு. எட்டு டன் ஐஸ் இல்லை, பதினாறு கட்டி. அமைச்சர் வரவில்லை, கேடயம் தபாலில் வந்தது. ஆனால் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை என்றேனே, அது மட்டும் சத்தியமான உண்மை. உன் அத்தை இரண்டு முறை ஆள் அனுப்பினாள். முதல் முறை, பிள்ளைக்கு வயிறு போகிறது என்று. "உப்புக்கரைசல் குடுக்கச் சொல்லு, வந்துடறேன்" என்றேன். இரண்டாம் முறை, பிள்ளை கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று. "இதோ கிளம்பிட்டேன்னு சொல்லு" என்றேன். கிளம்பவில்லை. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்தடியில், பக்கத்து அறையில் நான்காயிரம் பொட்டலம் உப்புக்கரைசல் இருந்தது. என் வீட்டில் ஒன்றுகூட இல்லை. வந்த ஆளின் கையில் இரண்டைக் கொடுத்தனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாதம்தான் அறிக்கை எழுதும் வேலை முதல்முதலாக என் கைக்கு வந்தது. அந்தக் கட்டத்தில் ஒன்று என்று எழுத வேண்டும். பேனாவை வைத்தேன், பூஜ்யம் விழுந்தது. அடுத்த மாதம் வேறு மூன்று பேருடைய பிள்ளைகள். என் பிள்ளையை எழுதாத பேனாவால் அடுத்தவன் பிள்ளையை எப்படி எழுதுவேன்? அதற்கும் பூஜ்யம். மேலே இருந்து யாராவது கேட்பார்கள், மாட்டிக்கொள்வேன், அழுதுவிடலாம் என்று இருந்தேன். பூஜ்யத்தைப் பார்த்து ஏன் என்று கேட்கிற ஆபீசர் பதினொரு வருடத்தில் ஒருத்தரும் இல்லை. நீதான் கேட்டாய். அதற்குத்தான் உன்னைத் திட்டினேன்.

பிள்ளையின் காரியம் முடிந்த மறுநாள் அத்தை தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது கேடயத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது அப்போது வந்திருக்கவில்லை.

சர்ஜன் யாரும் இல்லை. என் அக்காவுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

விசாரணை வரட்டும். நீ என் பெயரைக் காப்பாற்ற வேண்டாம். குழுவுக்கு என்று தனியாக ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியில் அடியில் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதிக்குள் வந்து சேரும். குளிர்ப்பெட்டிகள் என்றைக்கும் தாமதமாகப் போனதில்லை.

கீழ்த்தட்டு இப்போது காலி. படத்தில் நீலம் தீட்டிக்கொள்.

மாமா


ஏப்ரல் 28

மாமா,

பெட்டி பதினான்காம் தேதி வந்தது. ஐஸ் பாதி உருகியிருந்தது. சீட்டுகள் ஜில்லென்று இருந்தன. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். இருநூற்று அறுபத்து நான்கு. நீங்கள் சொன்ன எண்ணிக்கை அப்படியே சரியாக வந்தது இதுதான் முதல் முறை என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

குழுவில் எழுந்து நின்று, இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் என் தாய்மாமா, இதை முதலிலேயே சொல்லாதது என் தவறு என்று சொன்னேன். சீட்டுகளை மேசையில் வைத்தேன். நிதித் துறைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார், பிறகு இன்னொன்று. பத்துப் பதினைந்து சீட்டைப் படித்திருப்பார். "இதையெல்லாம் யாரும்மா பத்திரமா வச்சிருந்தது?" என்றார். "பூஜ்யம் எழுதினவர்தான் சார்" என்றேன். அதற்குப் பிறகு அவர் பூஜ்யத்தைப் பற்றிப் பேசவில்லை, விலையைப் பற்றி மட்டும் பேசினார்.

புது எண்ணோடு வகுத்தால் விடை கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. நம்மைப் போலவே இரண்டுங்கெட்டானாக நிற்கும் இன்னும் இரண்டு நாடுகளோடு சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று பேசி, ஒப்புக்கொண்டார்கள். ஜனவரியில் முதலில் இந்த நான்கு மாவட்டங்களில் தொடங்கும். உங்களுடையதும் உண்டு.

உங்களுக்குத் தனியாக உத்தரவு வரும். தற்காலிகப் பணிநீக்கம், விசாரணை. ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். என்னைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஆம்புலன்ஸ் டயர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். டயர் எதையும் மறைப்பதில்லை.

மஞ்சள் சீட்டைத் தனியாக எடுத்து உங்களுக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு மற்றவற்றோடு சேர்த்துவிட்டேன். அவளும் எண்ணிக்கையில் இருக்கட்டும்.

நான்கு நாள் காத்திருந்த அம்மாவுக்கு, அந்த நான்கு நாளும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை மாமா. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். எழுதுவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

மருமகள்


ஜனவரி 16

மருமகளே,

நேற்று இங்கே முதல் சொட்டு கொடுத்தார்கள். உனக்கு எழுத வேண்டும் என்று காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். அமைச்சர் கண்ணீர் பட்டதாகச் சொன்ன அதே சட்டை. துவைத்துவிட்டேன்.

என் இடத்தில் டிப்ளமோ படித்த ஒரு பெண் வந்திருக்கிறாள். கெட்டிக்காரி. பணிநீக்கத்தில் இருப்பவன் உள்ளே வரக் கூடாது என்பது விதி. "சார், நீங்க அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கணும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள். நின்றேன். புது மருந்து எந்தத் தட்டில் என்று சைகையில் கேட்டேன். ஐந்து விரலைக் காட்டி, பிறகு தரையைக் காட்டினாள்.

வரிசையில் பத்தொன்பது குழந்தைகள். இருபது என்று எழுதச் சொல்லிக் கை துடிக்கிறது, ஆனால் பத்தொன்பதுதான். ஒன்று துப்பிவிட்டது. மற்றவை சப்புக்கொட்டின. யாரும் அழவில்லை என்று எழுதினால் நம்புவாயா? மூன்று அழுதன. சத்தம் எனக்குக் கேட்கவில்லை, வாயைப் பார்த்துத்தான் எண்ணினேன். ஒரு தாய் என்னிடம் "உங்க பேத்தியா?" என்று பக்கத்துக் குழந்தையைக் காட்டிக் கேட்டாள். வாயில் ஒரு பெரிய கதை வந்து நின்றது. "இல்லம்மா" என்றேன்.

எல்லோரும் போன பிறகு பின்பக்கமாகச் சுற்றிப் போய் வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியேதான். நன்றாக ஓடுகிறது.

வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. பொங்கித் தின்பது ராஜபோகமாக இல்லை. காலையில் பொங்கியதையே மூன்று வேளைக்கும் வைத்துக்கொள்கிறேன். உன் மாதிரி எதிர் நாற்காலியில் பையை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சரிப்படவில்லை. நீ விடுப்பு எடுத்தால் ரயில் காலையில் ஏழு மணிக்கு வந்து சேரும். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வந்தால் பார்த்துக்கொள்.

இன்னொரு விஷயம். அத்தை தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று யாரிடமும் இப்போது சொல்வதில்லை. பெட்டியை உனக்கு அனுப்பிய அன்றைக்கே அவளுக்கும் ஒரு கடிதம் போட்டேன். நம் பெண்ணை எழுதிவிட்டேன், பெண் குழந்தை, ஏழு மாதம் என்று சீட்டில் இருக்கிறது, கணக்கில் சேர்ந்துவிடும் என்று. ஒன்பது மாதம் பதில் இல்லை. நேற்று வீடு திரும்பியபோது கதவிடுக்கில் ஒரு கார்டு கிடந்தது. நலம் விசாரிக்கவில்லை, கையெழுத்தும் இல்லை. ஒரே வரி.

"ஏழு மாசம் இல்ல. ஏழு மாசம் பதினோரு நாள்."

கோப்பு உன்னிடம் இல்லை என்று தெரியும். யாரிடமாவது சொல்லித் திருத்திவிடு.

மாமா